பள்ளத்தூர் ஒட்டுப்போர்வைக் கூட்டம்: ஒரு ஜாக்கெட் டெய்லர் சொல்வது

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில், வெட்டுத்துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கிற கூட்டம் ஒன்று நடக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தையல் படிக்க நினைப்பவர்கள் இங்கே போக வேண்டாம். அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. மிஷினில் கோணாமல் ஒரு தையல் ஓட்டத் தெரியும், பரண் கொள்ளாமல் வெட்டுத்துணி கிடக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை, எடுத்துத் தைக்க உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுகிறது என்கிறவர்கள் யோசிக்காமல் சேரலாம். மாசம் 300 ரூபாய். போர்வைக்கு உள்ளே நடு அடுக்காக வைக்கிற நடுத்துணி, ஊக்கு, கைத்தையல் நூல் எல்லாம் அதிலேயே அடக்கம். கூட்டத்தில் உட்கார்ந்து தைப்பது குறைவுதான். வேலை அவரவர் வீட்டில் நடக்கிறது. இங்கே வருவது மாற்றிக்கொள்ளவும், அளந்து பார்க்கவும், முடிவில் சேர்த்து இணைக்கவும்.

பெயர்ப்பலகை கிடையாது. பள்ளத்தூரில் ஒரு பெரிய பழைய வீட்டின் இரண்டாங்கட்டில், மாசத்தில் இரண்டு சனிக்கிழமை கூடுகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ‘ஒட்டுத்துணி ஆச்சி வீடு’ என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். நடத்துவது அந்த வீட்டு ஆச்சிதான். வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத்து ஆச்சிமார். மீதியில் ரிட்டயரான டீச்சர்கள், அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள், பேங்க் வேலையில் இருக்கிற ஒரு அம்மா. ஆம்பளை நான் ஒருவன்தான். ஆச்சிக்கு நான் ‘டெய்லர் தம்பி’. காலேஜ் பிள்ளைகள் ‘அண்ணே’ என்கிறார்கள். மாமா என்று கூப்பிட வேண்டிய வயசு எனக்கு, நானும் திருத்தவில்லை.

காரைக்குடியில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் துணியைவிட மிச்சம்தான் அதிகம் சேரும். 80 சென்டிமீட்டர் பிட்டில் ஒரு ஜாக்கெட் வெட்டினால், கழிகிறதில் உருப்படியானது பின்கழுத்துத் துண்டு. இறக்கம் வைத்த கழுத்தாக இருந்தால் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு வளைந்த துண்டு விழும். அதில் ஐந்து இஞ்ச் சதுரம் ஒன்று தாராளமாக எடுக்கலாம். கைக்குழி வளைவில் விழுவது பிறைத்துண்டு. அது யாருக்கும் ஆகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லைனிங் வெட்டும்போது ஓரத்தில் நீளமாகக் கீற்று கீற்றாய்ப் போகும். இது எல்லாம் மூட்டை கட்டி, மிஷின் துடைக்கிற வேஸ்டாக ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கூட்டத்திலிருந்து மூட்டை கேட்டு வந்தார்கள். கேட்டதோடு நிற்காமல், ‘காட்டன் மட்டும் தனியா பிரிச்சுத் தர முடியுமா தம்பி’ என்று ஆச்சி சொன்னதில்தான் இவர்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்தது. முதலில் வீட்டம்மா சேர்ந்தார். அப்புறம் நானும்.

மூன்று விதமான வேலை நடக்கிறது. முக்கியமானது சதுரம் மாற்றிக்கொள்ளும் திட்டம். பன்னிரண்டு பேர் ஒரு குழு. எல்லோருக்கும் ஒரே டிசைன். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுத் துணியில் துண்டுகளை இணைத்துப் பன்னிரண்டு சதுரம் தைத்து, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு பதினொன்றைக் கொடுக்க வேண்டும். திரும்ப வரும்போது பன்னிரண்டு வீட்டுத் துணியில் பன்னிரண்டு சதுரம் கையில் இருக்கும். சீட்டுக் கட்டுகிற மாதிரிதான், கழிவு மட்டும் கிடையாது. இணைக்கிறதுக்கு முன்னால் ஒரு சதுரம் பன்னிரண்டரை இஞ்ச், இணைத்த பிறகு பன்னிரண்டு. மூன்றுக்கு நாலாக அடுக்கினால் 36க்கு 48 இஞ்ச். பிள்ளைக்குப் போர்த்தலாம், பெரியவர்கள் மடியில் போட்டுக்கொள்ளலாம். ஒற்றைக் கட்டிலுக்கு வேண்டுமென்றால் ரெண்டு சுற்று சேர்ந்து இருபத்துநாலு சதுரம், 48க்கு 72.

இதனுடைய லாபம் என்னவென்று தனியாகத் தைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வீட்டில் சேருகிற துணிக்கு ஒரு குணம் இருக்கும். எங்கள் வீட்டில் எல்லாம் ரூபியா டூ பை டூ ஜாக்கெட் துணி, ஒற்றைக் கலர், பூ கிடையாது, கட்டம் கிடையாது. அதையே வைத்துத் தைத்தால் போர்வை கலர் கார்டு மாதிரி ஆகிவிடுகிறது. மாற்றிக்கொண்டு வந்த சதுரங்களில் ஒருவர் வீட்டுச் சுங்குடிப் புள்ளி, இன்னொருவர் வீட்டு நைட்டிப் பூ, கண்டாங்கிக் கட்டம், யாரோ வீட்டு வேட்டிக்கரை எல்லாம் வருகிறது. துணிக்கடையில் மீட்டர் மீட்டராக வாங்கினாலும் இந்தக் கலப்பு அமையாது.

இங்கேதான் சிக்கலும். ஜாக்கெட் தைக்கும்போது பக்கவாட்டில் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் உள்ளே விட்டுத்தான் தைப்போம். அடுத்த தீபாவளிக்கு உடம்பு வைத்து வந்து நின்றால் பிரித்துவிட வேண்டுமே. ஒட்டுப்போர்வையில் அந்தத் தாராளம் கூடாது. எல்லாத் தையலுக்கும் உள்ளே விடுவது கால் இஞ்ச், ஆசாரி கணக்கில் ரெண்டு நூல், எட்டு நூல் ஒரு இஞ்ச். ஒரு சதுரத்தில் வரிசையாக எட்டுத் தையல் வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு துண்டிலும் அரை நூல் கூடுதலாக உள்ளே போகிறது. ஒரு தையலில் ரெண்டு துண்டு சேருவதால் ஒரு நூல். எட்டுத் தையலுக்கு எட்டு நூல். முழுசாக ஒரு இஞ்ச் போச்சு. பன்னிரண்டரை வர வேண்டிய சதுரம் பதினொன்றரையில் நிற்கும்.

தனியாகத் தைக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. எல்லாச் சதுரமும் ஒரே அளவில் சுருங்கும். போர்வை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். பன்னிரண்டு வீட்டில் பன்னிரண்டு மிஷினில் தைத்ததை ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் வினை. ஊசிக்கும் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தின் ஓரத்துக்கும் உள்ள தூரம் மிஷினுக்கு மிஷின் மாறும். ‘பாத ஓரத்தை வைத்துத் தையுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் பன்னிரண்டு அளவு வரும்.

ஆச்சி இதற்குச் செய்திருக்கிற ஏற்பாட்டை மனசார மெச்சுகிறேன். சேர்ந்த அன்றைக்கே செத்துப்போன ஏடிஎம் கார்டில் நறுக்கிய ஒரு கீற்றும் ரெட்டைப்பக்க டேப்பும் கொடுக்கிறார். ஊசிக்கு வலது பக்கம் சரியாகக் கால் இஞ்ச் தள்ளி, மிஷின் தகட்டின்மேல் அதை ஒட்டிக்கொள்ள வேண்டும். துணி ஓரம் அதில் இடித்துக்கொண்டே போனால் தையல் நகராது. ஒட்டியது சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று கீற்று வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்து இஸ்திரி போட்டு, நடுக்கீற்றை அளக்க வேண்டும். கச்சிதமாக ஒரு இஞ்ச் வந்தால் பாஸ். குறைந்தால் கார்டை ஊசிப்பக்கம் ஒரு மயிரிழை நகர்த்த வேண்டும். மடிகிற இடத்தில் துணியின் கனமே கொஞ்சம் அளவைத் தின்னும். அதனால் கால் இஞ்சுக்கு மயிரிழை குறைவாகத் தைப்பதுதான் கணக்கு. இந்த மூன்று கீற்றைக் கொண்டுவந்து காட்டாதவர்களுக்கு ஆச்சி டிசைன் கொடுப்பதில்லை. பேங்க் அம்மாவைக்கூட ரெண்டு தடவை திருப்பி அனுப்பினார்.

அப்படியும் சின்னதாக வருகிற சதுரங்கள் உண்டு. அதைப் பிரிக்கச் சொல்வதில்லை. நாலு பக்கமும் ஒரே கலரில் ஒரு சட்டம் போட்டு, எல்லாவற்றையும் பதிமூன்றரைக்கு வெட்டிவிடுகிறார்கள். சட்டம் போட்டதே டிசைன் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சரியான யுக்தி.

இஸ்திரி விஷயத்தில் மட்டும் எனக்கும் அவர்களுக்கும் பழக்கம் வேறு. நாங்கள் தையலை ரெண்டு பக்கமும் விரித்துப் படிய வைப்போம். இவர்கள் ரெண்டையும் ஒரே பக்கம், கலர் அடர்த்தியான துணிப்பக்கம் சாய்க்கிறார்கள். அடுத்த வரிசையை எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டால் இணைக்கும்போது ரெண்டு மேடும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மூலை பிசகாமல் உட்காருகிறது. செய்து பார்த்தேன், கடையில் கட்டத்துணி சேர்க்கும்போதும் இப்போது இப்படித்தான் செய்கிறேன். பெட்டியை இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். இழுத்தால் கிராஸில், அதாவது சாய்வாக, வெட்டிய துண்டு நீண்டுவிடும்.

துணி விதிகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். மாற்றிக்கொள்கிற சதுரத்தில் பருத்தி மட்டும்தான். ரூபியா, பாப்ளின், காட்டன் லைனிங், சுங்குடி, கண்டாங்கி, பழைய வேட்டி வரலாம். கிரேப், ஜார்ஜெட், ஸ்கூல் யூனிபாரம் டெரிகாட்டன் கூடாது. ஒன்று துவைத்தால் சுருங்கும், இன்னொன்று சுருங்காது, போர்வை கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால் போதும். பருத்தி பேப்பர் எரிகிற வாசனையோடு சாம்பலாய் உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்து உருண்டையாகும், ஆறினால் நகத்தில் தட்டினால் கடினமாக இருக்கும். விதி நல்ல விதிதான். கண்காணிப்பு போதாது என்பது என் குறை. எனக்கு வந்த ஒரு சதுரத்தில் அழகான பச்சைக் கீற்று. சூடு வைத்ததும் சுருண்டு பெட்டியில் ஒட்டிக்கொண்டது. யார் தைத்தது என்று தெரியும், எழுத மாட்டேன். அளவைச் சோதிக்கிற ஆச்சி துணியையும் வாசலிலேயே சோதித்துவிட்டால் நல்லது.

கண்டாங்கி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த ஊர்ப் போர்வைக்கு அதுதான் முகம். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை. செங்கல் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பெரிய கட்டம், அகலக் கரை, கனமான நெசவு. பழைய கண்டாங்கியில் எல்லா இடமும் வெட்ட ஏற்றதல்ல. உட்கார்ந்து எழுந்து தேய்ந்த நடுப்பகுதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சல்லடையாகத் தெரியும். அதை நடு அடுக்குக்குத்தான் வைக்கலாம். கரையும் முந்தியும் இன்னும் ரெண்டு தலைமுறைக்கு உழைக்கும். ரூபியாவோடு கண்டாங்கியைச் சேர்த்தால் கனத்துணி மெல்லிசுத்துணியை இழுக்கும். கனத்துணியை அடியில், துணியை நகர்த்துகிற பல் பக்கம் வைத்து, 14 நம்பர் ஊசியில் தைத்தால் சமமாகப் போகும். சிவப்பு சாயம் விடுகிறதா என்று வெள்ளைத் துண்டோடு சேர்த்து ஒரு ராத்திரி ஊறவைத்துப் பார்க்காமல் வெட்டவே கூடாது. விட்டால், எத்தனை உப்புப் போட்டு அலசினாலும் நம்ப மாட்டேன். அந்தத் துணியைத் தனிப் போர்வைக்கு ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆச்சி போட்ட இன்னொரு விதி: முன்னோர்களுக்குச் செய்கிற படைப்புக்கு வைத்த சேலையில் யாரும் கத்தரி வைக்கக் கூடாது. கொண்டுவந்து காட்டினால்கூட மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இரண்டாவது திட்டம் கீற்று வேலை. சதுரமாக நறுக்கிய பேப்பரின்மேல், மூலைக்கு மூலை ஒரு கீற்று வைத்து, அதன் ஓரத்தில் அடுத்த கீற்றைக் கவிழ்த்து வைத்துத் தைத்து, திருப்பிப் போட்டு அழுத்தி, அடுத்தது, அடுத்தது என்று இருபக்கமும் மூலை வரை நிரப்புவது. பிறகு பேப்பர் அளவுக்குச் சுற்றிலும் வெட்டிவிட்டு, பேப்பரைக் கிழித்து எடுத்துவிடலாம். கீற்று என்ன அகலமானாலும் சரி, கோணலானாலும் சரி. பேப்பர் அளவைப் பிடித்துக்கொள்வதால் பன்னிரண்டு வீட்டிலும் ஒரே அளவு வருகிறது. புதிதாகச் சேருகிறவர்களை முதலில் இதில்தான் விட வேண்டும் என்பேன். தையலைப் பொடியாக வைக்க வேண்டும், இஞ்சுக்குப் பதினைந்து. அப்போதுதான் பேப்பர் வரிசையாகக் கிழியும். நியூஸ் பேப்பர் வேண்டாம், மை வெள்ளைத்துணியில் ஏறும். ஜெராக்ஸ் கடையில் ஒருபக்கம் அச்சான கழிவுப் பேப்பர் போதும். ஒரு டீச்சரம்மா தன் வீட்டுப் பரணில் கிடந்த பழைய பேரேட்டைக் கொண்டுவந்து, தாள் நன்றாக இருக்கிறது என்று கிழிக்கப் போனார். மலேயாக் கடைக் கணக்கு. ஆச்சி ஒன்றும் பேசாமல் வாங்கி இரும்புப் பெட்டிமேல் வைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கம் யாரையும் போகவிடவில்லை.

மூன்றாவது சுற்றுப்பை. ஒருவர் நடுச்சதுரம் ஒன்று தைத்து மஞ்சப்பையில் போட்டுக் கொடுப்பார். பை அடுத்த வீட்டுக்குப் போகும். அவர் சுற்றி ஒரு பட்டி சேர்ப்பார். அதற்கடுத்தவர் இன்னொரு பட்டி. சுற்றி முடிந்து திரும்பி வரும்வரை நடுச்சதுரக்காரர் பார்க்கக் கூடாது. எல்லோருக்கும் இதுதான் பிடிக்கிறது, சிரிப்பும் கூத்துமாகப் போகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அளக்காமல் பட்டியை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிச்சத்தை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓரம் கொஞ்சம் நீண்டிருக்கும், பட்டியும் நீளும், அடுத்த பட்டி இன்னும் நீளும். கடைசியில் போர்வை தரையில் படியாமல் அலை அடிக்கும். சதுரத்தின் நடுவில் டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்குப் பட்டியை முதலில் வெட்டிக்கொண்டு, ரெண்டு முனையையும் நடுவையும் ஊக்குப் போட்டுத் தைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. பையோடு இதை எழுதி ஒரு சீட்டு வைத்தால்கூடப் போதும்.

கலர் சேர்ப்பதில் ஆச்சி சொல்லித்தருவது ஒன்றே ஒன்று. சிவப்பா நீலமா என்று பார்க்காதே, வெளுப்பா அடர்த்தியா என்று பார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கலர் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். காலேஜ் பிள்ளைகள் போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். அது இன்னும் சுலபம். நடுவில் சின்னச் சிவப்புச் சதுரம் வைத்து, ஒரு மூலையில் ரெண்டு பக்கம் வெளுப்புக் கீற்றும் எதிர்மூலையில் ரெண்டு பக்கம் அடர்த்திக் கீற்றுமாகச் சுற்றிக் கட்டுகிற அமெரிக்க டிசைன் ஒன்று இருக்கிறது, லாக் கேபின் என்பார்கள். அதில் இந்த வெளுப்பு-அடர்த்தி மட்டும் சரியாக இருந்துவிட்டால் எந்தக் குப்பைத் துணியும் கூடிவரும். சதுரங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் ஒரே சதுரத்தில் வைரம், உழவுச் சால், படி என்று வேறுவேறு போர்வை கிடைக்கும். முந்தின சுற்றில் இதைத்தான் செய்தோம்.

மூன்று அடுக்கையும் சேர்க்கிற நாளைத் தவறவிடாதீர்கள். இதற்காகவே அந்த வீட்டுக்குப் போகலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடிமேல் வார்த்தெடுக்கிற கல் என்பதால் அத்தனை வழவழப்பு, துணி எங்கேயும் மாட்டாது. அடித்துணியைக் கவிழ்த்து விரித்து, நாலு பக்கமும் இழுத்து டேப் போட்டுத் தரையில் ஒட்டுகிறார்கள். அது மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் நாலு விரல் பெரிதாக இருக்க வேண்டும். மேலே நடுத்துணி, அதற்குமேல் நாம் தைத்த முகம். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே போய், ஒரு முஷ்டிக்கு ஒரு ஊக்கு. ஏழெட்டுப் பேர் சுற்றி மண்டிபோட்டு ஊக்குப் போடும்போது, தனி ஆளாய் அரை நாள் ஆகிற வேலை ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. வீட்டில் கட்டில்மேல் வைத்து இதைச் செய்து பார்த்தவர்களுக்கு அருமை தெரியும்.

நடுத்துணியாகக் கொடுப்பது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன எட்டு முழ வேட்டி. கடையில் பாலியெஸ்டர் பஞ்சு ஷீட் கிடைக்கிறது, புசுபுசுவென்று படத்தில் நன்றாக இருக்கும். நம்ம ஊர் வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் விடியும்போது தலையணை நனைந்திருக்கும். ஏசி ரூம்காரர்கள் வேண்டுமானால் கேட்டு வாங்கலாம். தனியாகக் காசு கொடுக்க வேண்டும். நான் வேட்டிக் கட்சி.

கடைசித் தையல் கையாலா மிஷினிலா என்பது நம் இஷ்டம். கைக்கு மூன்று இழை ஆங்கர் எம்பிராய்டரி நூலில் ஓடுதையல், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ளங்கை அகலத்துக்குமேல் விடக் கூடாது, விட்டால் துவைக்கும்போது உள்ளே சுருண்டுவிடும். மிஷினில் தைக்கிறவர்கள் மேல்துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் வாங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் மேலடுக்கு கூடவே நகராமல் பின்தங்கிச் சுருக்கம் விழும். பழைய கறுப்பு மிஷினாக இருந்தால் தலைமேல் உள்ள அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

வளவுச் சுவரில், மூத்தவர்கள் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட ஒரு தபால்தலைத் தாள் தொங்குகிறது. ஆச்சியின் பேத்தி அனுப்பியதாம். அதில் இருப்பவை, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்கிற கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் உழைத்துக் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த போர்வைகள். 2002-இல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் சுவரில் மாட்டி வைத்தார்கள்; 2006-இல் அந்நாட்டுத் தபால்துறை தலையாக வெளியிட்டது. மூலை சேரவில்லை, கோடு நேராக இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் கண் டெய்லர் கண். முதலில் மூலையைத்தான் பார்த்தது. இப்போது அப்படி இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் தைக்கிற கவந்தி என்கிற ஒட்டுப்போர்வை இருக்கிறது. சதுரம் கிதுரம் எதுவும் இல்லை. அடித்துணியை விரித்து, ஓரத்தில் ஆரம்பித்து, கையில் கிடைத்த துண்டை ஓரம் மடித்து வைத்து ஓடுதையல் போட்டு, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். இணைக்கிறது, அடுக்குகிறது எல்லாம் ஒரே வேலையில் முடிந்துவிடும். மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்த துணியில் பூ வைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. ஆச்சி ஒரு மழைக்காலத்தில் இதைச் செய்யச் சொன்னார். என் கடைப் பிறைத்துண்டுகள் முதல் தடவையாக அப்படியே, வெட்டாமல் கொள்ளாமல் உபயோகமானது அதில்தான். கால் இஞ்ச் கணக்கு வேண்டாம், மிஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். நாலு பேர் நாலு ஓரத்தில் உட்கார்ந்து ஒரே போர்வையைத் தைக்கலாம். கூட்டுவேலைக்கு இதைவிடத் தோதானது எனக்குத் தெரியவில்லை. வருஷத்தில் ஒரு தடவை என்று வைத்திருப்பதை, ஆச்சி நிரந்தரத் திட்டமாக்க வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், ‘பார்க்கலாம் தம்பி’ என்பதோடு நிற்கிறது.

அடுத்து, பிடிக்காதது. சேரும்போது வெளியூரிலிருந்து தருவித்த சாமான் செட் ஒன்றை வாங்கச் சொல்வார்கள், கட்டாயமில்லை. வாங்காதீர்கள். சக்கரம் மாதிரி உருட்டி வெட்டுகிற உருளைக் கத்தி, வெட்டும்போது அடியில் போடுகிற விரிப்பு, பிளாஸ்டிக் ஸ்கேல் மூன்றும் இருக்கிறது. கத்தி 28 மில்லிமீட்டர். பொம்மைச் சட்டை வெட்டத்தான் சரி. 45 மில்லிமீட்டர் தனியாக வாங்கினால் நாலு அடுக்குத் துணியை ஒரே ஓட்டில் வெட்டலாம். ஸ்கேல் சென்டிமீட்டரில் இருக்கிறது, கூட்டத்துக் கணக்கு முழுக்க இஞ்சில். விரிப்பு மட்டும் நல்ல சரக்கு, ஆனால் வெயில் பட்டால் வளைந்துவிடும். முற்றத்துத் தூணில் சாய்த்து வைத்த ஒன்று மத்தியானத்துக்குள் அப்பளமாகிவிட்டது. கட்டிலுக்கடியில் படுக்க வைக்க வேண்டும். கத்தி மழுங்கினால் வெட்டுக்கு நடுவில் ரெண்டு மூன்று இழை வெட்டாமல் நிற்கும். அப்போதே அலகை மாற்றிவிடுங்கள், அழுத்தி அழுத்தி வெட்டினால் விரிப்பும் போய்விடும். எனக்குக் கத்தரிதான் கை பழகியது. ஆனால் கீற்று வெட்ட உருளைக் கத்திக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெளிச்சம் இன்னொரு குறை. இரண்டாங்கட்டில் மூன்று மணிக்குமேல் வெளுப்பு எது அடர்த்தி எது என்று தெரியாது. மஞ்சள் பல்பு போடுகிறார்கள். அதில் கறுநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். முன்கட்டில் உட்காரலாம்தான், அங்கே பங்காளிகளிடம் சொல்ல வேண்டும், அது ஆச்சியின் தலைவலி. வீட்டில் விசேஷம், படைப்பு என்றால் கூட்டம் தள்ளிப்போகும். கிளம்புகிறதுக்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சீப்புச்சீடை, மாவுருண்டை என்று பலகாரம் வரும். எண்ணெய்க் கையோடு துணியைத் தொட்டால் அங்கேயே கத்துவார்கள், அதனால் பின்கட்டில் போய்ச் சாப்பிட வேண்டும். பலகாரத்துக்கு நூற்றுக்கு நூறு.

விற்பனையும் நடக்கிறது. கானாடுகாத்தானுக்கு வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். ஆத்தங்குடிக் கல் டிசைனில் வேண்டும் என்றுதான் பெரும்பாலும் கேட்பது. தரையில் இருக்கிற எட்டுமுனை நட்சத்திரமும் கட்டமும் துணியில் வரும். வளைந்த கொடியும் பூவும் ஒட்டுத்துணியில் எடுத்தால் நேரம்தான் போகும், கேட்டாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. கையால் தைத்த போர்வைக்கும் மிஷினில் தைத்ததற்கும் ஒரே விலை சொல்வது எனக்குச் சம்மதமில்லை. ஜாக்கெட்டுக்குக் கை ஹெம்மிங் என்றால் நாங்கள் கூடுதலாக வாங்குவதில்லையா? ரெண்டு மாசம் கண்ணைக் கொடுத்த ஆச்சிமாருக்கு அது போய்ச் சேர வேண்டும்.

துவைப்பது பற்றி எல்லோரும் கேட்பதால்: பச்சைத் தண்ணீர், தூளில்லாமல் திரவ சோப்பு, பிழியாமல் அமுக்கி, நிழலில் படுக்கப் போட்டு உலர்த்துவது. கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் தையல் இழுபடும்.

அடுத்த சுற்று பங்குனித் திருவிழா முடிந்து ஆரம்பிக்கிறது. துவைத்து இஸ்திரி போட்ட பருத்தித் துண்டு ஒரு பை நிறைய, ஒன்றரை இஞ்சில் வெட்டித் தைத்த அந்த மூன்று கீற்று, சொந்தக் கத்தரி இவை இருந்தால் போதும். வீட்டில் துணி சேரவில்லை என்றால் கவலை வேண்டாம். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் கடை மூட்டை ஒன்றைக் கொண்டுவருகிறேன், அள்ளிக்கொள்ளலாம். பூப்போட்ட நைட்டித் துணி மட்டும் கேட்காதீர்கள், அதற்கு வீட்டம்மா முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்துவிட்டார்.